காந்த டிரில் வாங்கும் முன் கலப்பை இரும்பை அளந்து பாருங்கள்

உளுந்துக்கு வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. நிலக்கடலைக்கும் அதே கணக்குதான். பக்கத்திலேயே வம்பன் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் இருப்பதால், ஆலங்குடிப் பக்கத்து உழவர்களுக்கு இந்த 30-க்கு 10 என்பது வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். ஆனால் கடையில் வாங்குகிற ஒன்பது கலப்பையின் கால்கள் 30 செ.மீ. இடைவெளியில் இல்லை. பெரும்பாலும் 9 அங்குலத்தில், அதாவது ஏறக்குறைய 22.5 செ.மீ. இடைவெளியில் நிற்கின்றன. உழவுக்கு அது சரி. வரிசை போட்டு விதைக்க ஒத்துவராது.

இதற்குப் புதுக் கருவி வாங்க வேண்டியதில்லை. ஒன்பது காலுக்கு எட்டு இடைவெளி, எட்டை 22.5-ஆல் பெருக்கினால் 180 செ.மீ. ஏழு காலுக்கு ஆறு இடைவெளி. ஆறை 30-ஆல் பெருக்கினாலும் அதே 180 செ.மீ. அதே சட்டத்தில் இரண்டு கால்களைக் கழற்றிவிட்டு, மீதி ஏழை ஒரு அடிக் கணக்கில் நிறுத்தலாம். ஓரத்தில் உள்ள இரண்டு கால்களும் நடுக்காலும் இருந்த இடத்திலேயே இருக்கும். மற்ற நான்குக்கு மட்டும் புது இடம் வேண்டும். காலுக்கு இரண்டு போல்ட் என்றால் எட்டுத் துளை. பின்னால் விதைக்குழாய் கட்டினால் வரிசை விதைப்புக் கருவி தயார்.

எட்டே எட்டுத் துளைதான். அதை எதனால் போடுவது என்பதில்தான் எங்கள் குழுவில் பேச்சு ஆரம்பித்தது. "மேக்னட் டிரில் ஒண்ணு வாங்கிப் போட்டுட்டா எல்லாருக்கும் ஆகுமே" என்றார் ஒருவர். "அந்தக் காசுக்கு பவர் வீடர் பாக்கலாம்ணே" என்றார் இன்னொருவர். பொதுப்பணத்தில் கை வைக்கும் முன் விசாரித்துவிடுவோம் என்று பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். பட்டறைகளிலும் கடைகளிலும் கேட்டதையும் கையால் தொட்டுப் பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊர்க் குழுவிலும் இதே பேச்சு வரக்கூடும்.

துளை விலகினால் செடி போகும்

"துளைதானே, கேஸ் கட்டிங்ல சுட்டு எடுத்தா போச்சு" என்று பலரும் சொல்கிறார்கள். சுட்ட துளை வட்டமாக வராது, ஓரம் பிசிறாக இருக்கும். 16 மி.மீ. போல்ட்டுக்கு எடுத்த துளை ஒரு பக்கம் பெரிதாகிவிடும். போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் வயலில் இரண்டு சால் ஓட்டியதும் கால் ஆட ஆரம்பிக்கும்.

அந்த ஆட்டத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு போல்ட்டுக்கும் நடுவில் 6 செ.மீ., சட்டத்திலிருந்து கொழு முனைவரை 50 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மேலே துளையில் 2 மி.மீ. ஆட்டம் இருந்தால் கீழே கொழு முனையில் அது ஒன்றரை செ.மீ.க்கு மேல் ஆகிவிடும். துளையின் இடமே ஒரு செ.மீ. தள்ளியிருந்தால் இரண்டும் சேர்ந்து வரிசை இரண்டரை, மூன்று செ.மீ. விலகும்.

30 செ.மீ. வரிசைக்குள் 20 செ.மீ. அகலமுள்ள களைக்கருவியை ஓட்டினால் செடிக்கு இருபுறமும் 5 செ.மீ. இடம் கிடைக்கும். வரிசை 27 ஆகச் சுருங்கினால் மூன்றரைதான் மிச்சம். கருவி பிடிப்பவர் கை லேசாக ஆடினாலே செடி போய்விடும். இரண்டு நாள் அப்படிச் செடி அறுந்தால் "கருவி வேணாம், ஆள் வச்சே பறிச்சுக்கலாம்" என்று ஓரம் கட்டுவோம். ஆள் கிடைக்காத வாரத்தில் யாராவது ஒருவர் வந்து "ஒரு டேங்க் மருந்து அடிச்சா முடிஞ்சுது" என்பார். களைக்கொல்லி நம் வயலுக்குள் நுழையும் வாசல்களில் இதுவும் ஒன்று. கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் கட்டுப்பாடு போட்டது. அரசாணையை விட நேரான வரிசையே அதை வயலுக்கு வெளியே நிறுத்தும். நேரான வரிசைக்கு, சட்டத்தில் உள்ள துளை சரியான இடத்தில், சரியான அளவில் இருக்க வேண்டும்.

எந்த இரும்புக்குச் செய்த கருவி?

காந்த டிரில்லின் அடியில் ஒரு மின்காந்தம். அதன்மேல் ஒரு தூண், தூணில் ஏறி இறங்கும் மோட்டார். சுவிட்சைப் போட்டதும் காந்தம் இரும்பைக் கவ்விக்கொள்ளும். பக்கத்தில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் மோட்டார் கீழே இறங்கித் துளை போடும். பட்டறையில் நிற்கும் பில்லர் டிரில்லைத் தூக்கிக்கொண்டு இரும்பு இருக்கும் இடத்துக்கே போவது மாதிரி.

இது அன்றாடம் புழங்கும் இடம் நமக்குத் தூரமில்லை. திருச்சி திருவெறும்பூரில் பெல் கொதிகலன் ஆலை 1965 முதல் உற்பத்தியில் இருக்கிறது. அதைச் சுற்றித் துவாக்குடிவரை இரும்புக் கட்டுமானப் பட்டறைகள் வளர்ந்தன. அங்கே ஒரு உத்திரத்தைத் தூக்கி டிரில்லுக்கு அடியில் வைக்க கிரேன் வேண்டும். அதனால் டிரில்லே உத்திரத்தின்மேல் ஏறுகிறது. நம் ஊர்களிலிருந்து திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் வெல்டிங், பிட்டர் வேலைக்குப் போய் வந்த தம்பிகளுக்கு இந்தக் கருவி நன்றாகவே தெரியும்.

அந்த உத்திரங்கள் 10, 16, 25 மி.மீ. கனம் உள்ளவை. நம் கலப்பைச் சட்டத்தின் ஆங்கிளும் சேனலும் 6, 8 மி.மீ. கனத்தில் நிற்கின்றன. கனத்த இரும்புக்கு உருவான கருவியை மெல்லிய இரும்பில் வைக்கப் போகிறோம் என்பதை மறக்காமல் இருந்தால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

காந்தப் பிடியை எப்படி மதிப்பிடுவது?

விலைச்சீட்டில் காந்தத்தின் பிடி இத்தனை கிலோ என்று பெரிய எண் ஒன்று இருக்கும். அது கனத்த, மழமழப்பான, பெயின்ட் இல்லாத தகட்டில் அளந்தது. வழக்கமாக 25 மி.மீ. தகடு. நம் 6 மி.மீ. ஆங்கிளில் அந்தப் பிடி கிடைக்காது.

காரணம் வாய்க்கால் கணக்குதான். காந்தப் பாய்வு ஒரு முனையில் இறங்கி, இரும்புக்குள் ஓடி, மறு முனையில் ஏற வேண்டும். கனத்த தகடு அகலமான வாய்க்கால். மெல்லிய தகடு குறுகலான வாய்க்கால். மோட்டாரை எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் குறுகிய வாய்க்காலில் கொள்ளும் தண்ணீர்தான் ஓடும், மீதி கரை வழிந்து போகும். பெயின்ட், துரு, வெல்டிங் பொரி, சீவல் எல்லாம் காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவில் இடைவெளி உண்டாக்கும். காகிதக் கனம் இடைவெளியே பிடியைக் குறைத்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. சின்ன காந்த டிரில்லின் அடிக்காந்தமே பொதுவாக 8 செ.மீ. அகலம், 16 செ.மீ. நீளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 65 மி.மீ. ஆங்கிளில் வைத்தால் காந்தம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உருண்டைப் பைப்பில் உட்காரவே உட்காராது. எவர்சில்வர், அலுமினியத்தில் ஒட்டாது.

இதற்குப் பட்டறைக்காரர்கள் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள்.

முதல் வழி, கனம் கூட்டுவது. காந்தம் உட்காரும் இடத்துக்கு நேர் அடியில் 12 மி.மீ. தகட்டுத் துண்டு ஒன்றை வைத்து சி-கிளாம்பால் இறுக்கினால் 6 மி.மீ. இரும்பு 18 ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவில் மண், துரு இருக்கக்கூடாது.

இரண்டாம் வழி, மேசை செய்வது. 20 மி.மீ. கனத்தில் 60-க்கு 30 செ.மீ. தகடு ஒன்றைக் கனமான ஸ்டாண்டில் பொருத்த வேண்டும். எடை 28 கிலோ வரும். பழைய இரும்புக் கடையில் தேடினால் கிடைக்கும். டிரில் தகட்டின்மேல் கவ்வி நிற்கும். துளையிடும் முனை தகட்டின் விளிம்புக்கு வெளியே நீட்டி நிற்கும். ஆங்கிளை அந்த விளிம்போரமாகக் கொண்டுவந்து, தகட்டின் மட்டத்துக்கே கிளாம்ப் போட்டுத் துளைக்கலாம். இப்படிச் செய்தால் ஒரே கருவி பில்லர் டிரில்லாகவும் இருக்கும், வயலோரம் போகும் டிரில்லாகவும் இருக்கும். எங்களுக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான்.

கட்டரும் வேகமும்

சாதாரண டிரில் பிட் துளையின் முழு இரும்பையும் சீவித் தள்ளும். காந்த டிரில்லில் போடும் கோர் கட்டர் வட்டத்தின் விளிம்பை மட்டும் வெட்டும். நடுவில் உள்ள இரும்பு ஒரு வில்லையாக முழுசாக விழுந்துவிடும். வெட்ட வேண்டிய இரும்பு குறைவதால் சின்ன மோட்டாரே பெரிய துளை போடுகிறது. 8 மி.மீ.யில் தொடங்கி 12, 16 என்று படிப்படியாகப் பெரிதாக்கும் வேலை இல்லை.

வாங்கும்போது கவனிக்க:

நம் வேலைக்கு மூன்று அளவு போதும். 12 மி.மீ. போல்ட்டுக்கு 14, 16 மி.மீ. போல்ட்டுக்கு 18, 20 மி.மீ. போல்ட்டுக்கு 22. வெட்டு ஆழம் 25 அல்லது 30 மி.மீ. உள்ள கட்டர் எடுங்கள். 50 மி.மீ. ஆழக் கட்டருக்குப் பணம் கூட, நமக்கு வேலை கிடையாது.

கட்டர் பிடிக்கும் தண்டு 19 மி.மீ. வெல்டன் ஷாங்க் வகையாக இருக்கட்டும். எல்லா ஊரிலும் கிடைப்பது அதுதான். அந்தக் கம்பெனிக் கட்டர் மட்டுமே சேரும் என்கிற மெஷினைத் தவிர்ப்பது நல்லது.

12 மி.மீ.க்குக் குறைந்த துளைக்குக் கோர் கட்டர் தேவையில்லை. 13 மி.மீ. சக் ஒன்றைக் கூடவே கேட்டு வாங்குங்கள், சாதாரண பிட் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டு தகட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கோர் கட்டரை இறக்காதீர்கள். மேல் தகட்டின் வில்லை கட்டருக்குள்ளேயே நின்று, கீழ்த் தகட்டை வெட்ட விடாமல் தடுக்கும். பல் உடையும். தனித்தனியாகத்தான் போட வேண்டும்.

வேகத்துக்கு ஒரு கணக்கு. எச்.எஸ்.எஸ். கட்டரின் விளிம்பு சாதா இரும்பில் நிமிடத்துக்கு 25 மீட்டர் வேகத்தில் ஓடினால் நல்லது. அந்தக் கணக்கில் 14 மி.மீ. கட்டர் நிமிடத்துக்குச் சுமார் 570 சுற்று, 18 மி.மீ. 440 சுற்று, 22 மி.மீ. 360 சுற்று சுற்ற வேண்டும். ஆகவே 350 முதல் 600 சுற்றுக்குள் ஓடும் மெஷின் நமக்குச் சரி. இரண்டு கியர் இருந்தால் இன்னும் வசதி. 35 மி.மீ.வரை துளைக்கும் சின்ன வகையே எதேஷ்டம். 50 மி.மீ., 100 மி.மீ. போடும் மெஷினைக் காட்டி "பின்னாடி உதவும்" என்பார்கள். எடை கூடும், விலை கூடும். கலப்பையில் 50 மி.மீ. துளைக்கு எங்கே போவது? 10 முதல் 13 கிலோ எடைக்குள் இருந்தால்தான் ஒரு ஆள் தூக்கி வரப்பு தாண்ட முடியும்.

ஓட்டும்போது கைப்பிடியைப் போட்டு அமுக்க வேண்டாம். சீவல் சுருளாக, ஒரே சீராக வந்தால் வேகமும் அழுத்தமும் சரி. பொடியாக உதிர்ந்தாலோ நீல நிறமாக வந்தாலோ நிறுத்திப் பாருங்கள். வெட்டும்போது எண்ணெய் விடுவது கட்டாயம். கடையில் விற்கும் கூலன்ட் இல்லாவிட்டால் செக்கில் அடியில் தங்கும் கடலை எண்ணெய்க் கசண்டும் வேலை செய்யும். தாவர எண்ணெய்க்கு வழவழப்பு அதிகம். வேலை முடிந்ததும் துடைத்துவிட வேண்டும், விட்டால் பிசினாகப் பிடித்துக்கொள்ளும்.

கரண்ட் போனால் காந்தமும் போகும்

நம் ஊருக்கு மிக முக்கியமான பகுதி இது. மின்காந்தம் மின்சாரம் உள்ளவரைதான் கவ்வும். சட்டத்தின் பக்கவாட்டில் டிரில்லை நிறுத்தித் துளைத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் 12 கிலோ இரும்பு அப்படியே காலில் விழும். அதனால்தான் எல்லா மெஷினோடும் ஒரு சங்கிலியோ பட்டையோ தருகிறார்கள். பட்டறையில் நான் கேட்டேன்: "காந்தந்தான் இவ்ளோ கெட்டியாப் பிடிக்குதே, அப்புறம் எதுக்குண்ணே சங்கிலி?" அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "காந்தம் நாம சொன்னா கேக்கும் தம்பி. ஈ.பி. ஆபீஸ் நாம சொன்னா கேக்குமா?" தட்டையாக வைத்துத் துளைத்தாலும் சங்கிலியை இறுக்கிவிட்டுத்தான் சுவிட்சைத் தொட வேண்டும்.

மின்சாரம் தொடர்பாக இன்னும் சில:

கரண்ட் போய்த் திரும்ப வரும்போது மோட்டார் தானாக ஓடக்கூடாது. திரும்பப் பட்டனை அழுத்தினால்தான் ஓட வேண்டும். காந்தத்தைப் போடாமல் மோட்டார் கிளம்பவும் கூடாது. இந்த இரண்டும் இல்லாத மெஷினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்க வேண்டாம்.

வோல்டேஜ் குறைந்தால் காந்தப் பிடியும் குறையும். 1,100 வாட் மெஷின் ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கும். 50 மீட்டருக்கு ஒல்லியான ஒயரை இழுத்துக்கொண்டு போனால் வோல்டேஜ் வழியிலேயே விழும். 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் போடுங்கள். 30 மில்லி ஆம்பியரில் விழும் கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச் (ஆர்.சி.சி.பி.) ஒன்றும் இருக்கட்டும். ஈர மண்ணில் நின்று வேலை செய்கிறவர்கள் நாம்.

கஜா புயல் 2018 நவம்பரில் அடித்தபோது வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த ஊர்கள் இவை. அதன்பிறகு பலர் வீட்டில் ஜெனரேட்டர் வாங்கினார்கள். 3 கே.வி.ஏ. ஜெனரேட்டர் இருந்தால் இந்த மெஷினுக்குப் போதும். ஓட்டிக்கொண்டிருக்கும்போது டீசல் தீர்ந்தாலும் கரண்ட் போன கதைதான். சங்கிலி மறக்கக் கூடாது.

பம்பு செட்டுக்குக் கிடைக்கும் இலவச மின் இணைப்பிலிருந்து டிரில்லுக்கும் வெல்டிங்குக்கும் மின்சாரம் எடுப்பது விதிமீறல். 1990 முதல் எல்லா உழவருக்கும் கிடைத்துவரும் சலுகை அது. சின்ன வேலைக்காக அதில் சிக்கல் இழுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டு இணைப்பு, பட்டறை இணைப்பு, ஜெனரேட்டர் என்று பாருங்கள்.

சட்டத்தில் ஒரு பக்கம் டிரில் ஓடும்போது அதே சட்டத்தில் மறுபக்கம் வெல்டிங் வைக்கக் கூடாது. வெல்டிங் கரண்ட் டிரில்லுக்குள் புகுந்து அதைக் கெடுத்துவிடும், ஆளுக்கும் ஆபத்து.

நிலைக்காந்தம் வைத்த மெஷின்களும் இருக்கின்றன. கரண்ட் போனாலும் பிடி விடாது. பேட்டரியில் ஓடுவதும் உண்டு. விலை கூடுதல் என்பதால் எங்கள் குழுவுக்கு எட்டவில்லை. வசதியுள்ள உற்பத்தியாளர் நிறுவனங்கள் அதைப் பார்க்கலாம்.

தோளில் துண்டு, மடித்துக் கட்டிய கைலி, தொங்கும் முந்தானை, துப்பட்டா எதுவும் சுற்றும் தண்டுக்குப் பக்கத்தில் வரக்கூடாது. கையுறையும் வேண்டாம், சுற்றும் கட்டர் கையுறையோடு விரலையும் இழுத்துவிடும். கண்ணாடி கட்டாயம். விழுகிற வில்லை கொதிக்கக் கொதிக்க இருக்கும், வெறும் காலோடு நிற்காதீர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் தள்ளி நிற்க வேண்டும்.

கொழு இரும்பு வேறு, சட்ட இரும்பு வேறு

ஆங்கிள், சேனல், பிளாட் எல்லாம் மெத்து இரும்பு. கட்டர் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கும். கொழுவும் லாரிப் பட்டையும் அப்படியில்லை. தேய்மானம் தாங்கப் பதம் ஏற்றிய கார்பன் எஃகு அது. களை வெட்டும் பிளேடுக்கு லாரிப் பட்டை நல்ல சரக்கு. ஆனால் அதில் நேராக எச்.எஸ்.எஸ். கட்டரை வைத்தால் கட்டர் மழுங்கிப் போகும்.

இங்கே கொல்லுப்பட்டறை ஆசாரியிடம் போக வேண்டும். துளை வர வேண்டிய இடத்தைச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து, ஒரு இரவு முழுக்க மெதுவாக ஆறவிட்டால் எஃகு இளகும். மறுநாள் துளை போட்டுவிட்டு, வெட்டும் விளிம்புக்கு மட்டும் மறுபடி பதம் ஏற்றிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கார்பைடு பல் வைத்த கட்டர் வேண்டும். விலை அதிகம், அடி பட்டால் பல் தெறிக்கும். பத்துப் பிளேடுக்காக அதை வாங்குவதை விட ஆசாரிக்குக் கூலி கொடுப்பது மேல். ஊரில் உலை அணையாமல் இருப்பதும் நமக்கு நல்லதுதானே.

வாங்குவதா, வேண்டாமா?

நாங்கள் ஒரு நோட்டுப் போட்டு, குழுவில் உள்ள எல்லோருடைய இரும்பு வேலையையும் மூன்று பட்டியலாகப் பிரித்தோம்.

முதல் பட்டியல்: கைடிரில்லே போதும் என்கிற வேலை. ஒற்றை நாற்று நடவுக்கு ஓட்டும் கோனோவீடரின் கைப்பிடி, பந்தல் கம்பி மாட்டும் ஆங்கிள், விதைக்குழாய்க் கிளிப், சொட்டுநீர் வடிகட்டி ஸ்டாண்டு. எல்லாம் 6, 8, 10 மி.மீ. துளை, மெல்லிய இரும்பு.

இரண்டாம் பட்டியல்: பட்டறைக்கு எடுத்துப் போகக்கூடிய வேலை. கழற்றிய கால்கள், பிளாட் துண்டுகள், பவர் வீடர் பிளேடு. பில்லர் டிரில் உள்ள லேத் பட்டறையில் துளைக்கு இத்தனை என்று கொடுத்துவிட்டு வரலாம்.

மூன்றாம் பட்டியல்: தூக்க முடியாத, கழற்ற முடியாத இரும்பு. ஒன்பது கலப்பைச் சட்டம், டிராக்டர் டிரெய்லரின் சேனல், மூன்று புள்ளி இணைப்பு மாட்டும் கனத் தகடு, கொட்டகை உத்திரம். காந்த டிரில் தேவைப்படுவது இந்த மூன்றாம் பட்டியலுக்கு மட்டும்தான்.

எழுதி முடித்ததும் விஷயம் தெளிவாகிவிட்டது. தனி உழவர் ஒருவர் காந்த டிரில் வாங்குவது வீண். வருஷத்தில் முந்நூற்று ஐம்பது நாள் அது சாக்குக்குள் கிடக்கும். மூன்றாம் பட்டியல் ஒருவருக்கு ஐந்து வரிதான் வருகிறது. ஆனால் குழு முழுக்கச் சேர்த்தால் பக்கம் நிறைகிறது. அதனால் பொதுவில் வாங்கி, எங்கள் ஊரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் பொறுப்பில் விடுவது என்று முடிவு செய்தோம். அவரே ஓட்டுவார். குழு ஆட்களுக்குக் கட்டர் தேய்மானமும் கூலியும் மட்டும், வெளியாட்களுக்கு வாடகை. வாடகைப் பணம் புதுக் கட்டருக்குப் போகும். பவர் வீடர் கேட்ட அண்ணனுக்கும் சமாதானமானது. "சட்டம் சரியா வந்தா வீடர் தன்னால வேலை செய்யும்ப்பா, அடுத்த வருசம் பாத்துக்குவோம்" என்றார்.

பக்கத்தில் ஏற்கெனவே காந்த டிரில் வைத்திருக்கும் பட்டறை இருந்தால் வாங்கவே வேண்டாம். நான்கைந்து பேர் சட்டங்களை ஒரே நாளில் ஒரு டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு வாருங்கள். கோடை உழவுக்கு முன்னால் அதற்கு ஒரு நாள் ஒதுக்கினால் ஆடிப்பட்டத்துக்கு எல்லாம் தயாராக இருக்கும்.

கடையில் செய்ய வேண்டியது

உங்கள் கலப்பைச் சட்டத்தின் இரும்பிலேயே ஒரு முழம் துண்டு கையோடு எடுத்துப் போங்கள். கடைக்காரர் தன் மேசையில் உள்ள கனத் தகட்டில் வைத்துக் காட்டுவார். அதில் எல்லா மெஷினும் நன்றாகத்தான் பிடிக்கும். "நம்ம இரும்புல வச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். முதலில் வெறும் துண்டில், பிறகு அடியில் தகடு வைத்து, காந்தத்தைப் போட்டுப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் துளைக்கும்போதும் அசையும். பிறகு 18 மி.மீ. துளை ஒன்று போடச் சொல்லுங்கள். துளையின் ஓரத்தில் விரலால் தடவிப் பார்த்து, போல்ட்டை விட்டுப் பாருங்கள்.

மோட்டார் ஏறி இறங்கும் தண்டவாளத்தைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் இறுக்கிக்கொள்ள திருகு இருக்கிறதா என்று கேளுங்கள். கார்பன் பிரஷ் நாமே மாற்றும்படி வெளியில் மூடி இருக்கிறதா, காந்தச் சுருள் எரிந்தால் திருச்சியிலோ கோயம்புத்தூரிலோ மாற்றித் தருவார்களா, ரசீதோடு எத்தனை மாத உத்தரவாதம் என்று எழுதி வாங்குங்கள். மெஷின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். சக், மூன்று கட்டர், நடு ஊசி, சங்கிலி எல்லாம் சேர்த்து வரியோடு என்ன விலை என்று கேட்டு இரண்டு மூன்று கடைகளை ஒப்பிடுங்கள். பழைய மெஷின் வாங்குவதாக இருந்தால் அடிக்காந்தத்தைத் திருப்பிப் பாருங்கள். குழி விழுந்து, மேடு பள்ளமாக இருந்தால் பிடி போயிருக்கும்.

சீவலும் மாடும்

இயற்கை உழவருக்கு மட்டும் ஒரு சொல். டிரில் ஓடிய இடத்தில் சுருள் சுருளாக இரும்புச் சீவல் கிடக்கும். அது வைக்கோலில் ஒட்டிக்கொண்டு மாட்டின் தீனியில் சேர்ந்தால் ஆபத்து. மாடு மென்று பார்த்துத் தின்பதில்லை, அப்படியே விழுங்கிப் பிறகுதான் அசைபோடும். கம்பியும் சீவலும் இரண்டாம் வயிற்றில் போய்க் குத்தி, அங்கிருந்து இதயம்வரை புண்ணாக்கும். கால்நடை மருத்துவர்கள் இதற்காகவே மாட்டின் வயிற்றுக்குள் காந்தத் துண்டு போட்டு வைப்பதும் உண்டு.

ஆகவே தொழுவத்துக்கும் வைக்கோல் போருக்கும் எருக்குழிக்கும் பக்கத்தில் துளை போடும் வேலை வேண்டாம். கீழே பழைய தார்ப்பாய் விரியுங்கள். வேலை முடிந்ததும் ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுத் தரை முழுக்கத் தடவினால் சீவல் பையில் ஒட்டிக்கொள்ளும். பையை வெளிப்புறம் உள்ளாகத் திருப்பினால் சீவல் மொத்தமும் உள்ளே போய்விடும். அதைக் கட்டி இரும்புக் கடைக்குப் போடலாம். எண்ணெய் நனைந்த சாக்கும் வயலுக்குப் போக வேண்டாம்.

எங்கள் குழுவில் இப்போது ஒவ்வொரு கலப்பைக்கும் மரச்சட்டத்தில் ஒரு அளவுகோல் செய்து வைத்திருக்கிறோம். 0, 30, 60, 90, 120, 150, 180 என்று ஏழு குறி. துளை போடும் முன் அதை வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டு, சென்டர் பஞ்ச் அடித்த பிறகுதான் டிரில்லைத் தூக்குகிறோம். நடுக்குறி தப்பினால் எந்த மெஷினாலும் திருத்த முடியாது. ரீப்பர் கட்டையும் ஒரு டேப்பும் இருந்தால் இன்று சாயங்காலமே நீங்களும் இதைச் செய்துவிடலாம். உங்கள் கலப்பையின் கால்கள் எத்தனை செ.மீ.யில் நிற்கின்றன, சட்டம் எத்தனை மி.மீ. கனம் என்று முதலில் அளந்து எழுதுங்கள். எந்த டிரில் வேண்டும் என்பதை அந்தக் காகிதமே சொல்லிவிடும்.